மோன் பிளான் உச்சி யார் பட்டாவில்?

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த யாரையும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஓர் எண்ணைத் தப்பாமல் சொல்வார்கள்: 4807. மோன் பிளான் மலையின் உயரம், மீட்டரில். பனி என்றால் சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் கட்டியைத் தவிர வேறெதுவும் பார்த்திராத பிள்ளைகள் நாங்கள். ஆனாலும் சேன் நதி எங்கே பிறக்கிறது, ரோன் நதி எங்கே கடலில் சேர்கிறது, மோன் பிளான் எத்தனை மீட்டர் என்பதெல்லாம் சங்கராபரணி ஆற்றைப் பற்றித் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். பிரான்சின் மிக உயர்ந்த மலை என்று புத்தகம் சொன்னது. ஒப்பித்தோம்.

அதே வயதில் இத்தாலியப் பிள்ளைகளும் அதே மலையை மோன்தே பியான்கோ என்ற பெயரில், தங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான், வெள்ளை மலை. பிரெஞ்சு வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் உச்சி முழுவதும் பிரான்சுக்குள் இருக்கும். எல்லைக்கோடு உச்சிக்குத் தெற்கே வளைந்து போகும். இத்தாலிய வரைபடத்தில் கோடு நேராக உச்சியின் மேல் ஏறி இறங்கும். பாதி உனக்கு, பாதி எனக்கு. இரண்டு நாடும் நெருங்கிய நட்பு நாடுகள், ஒரே ஐரோப்பிய ஒன்றியம், ஒரே நாணயம். ஆனால் இந்த வரப்புத் தகராறு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீரவில்லை. வாழ்நாளில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவன் என்பதால் இந்த விவகாரத்தில் எனக்குத் தனி ருசி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதன் முதன்முதலாக அந்த உச்சியில் கால் வைத்தபோது அங்கே எல்லையே கிடையாது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி மாலை 6.23 மணிக்கு மிஷேல் கபிரியேல் பக்கார் என்ற டாக்டரும், ஜாக் பல்மா என்ற படிகக்கல் தேடும் மலைவாசியும் உச்சியை அடைந்தார்கள். இருவருக்கும் ஊர் சாமோனி. இன்று சாமோனி பிரான்சில் இருக்கிறது. ஆனால் அன்று அது சவோய் பிரபுநாட்டைச் சேர்ந்தது. அந்தப் பிரபுநாடு சார்தீனிய அரசரின் ஆட்சியில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூர்மையேர் ஊருக்கும் அதே அரசர்தான். தலைநகர் துரின். ஆக, ஏறிய இருவரும் பிரெஞ்சுக்காரர்களும் இல்லை, இன்றைய பொருளில் இத்தாலியர்களும் இல்லை. ஒரே ராஜாவின் நிலத்தில் ஒரு மேட்டில் ஏறினார்கள், அவ்வளவுதான்.

மணி 6.23 என்று இத்தனை துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கீழே சாமோனியில் கெர்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு தொலைநோக்கி வைத்துப் பார்த்து, நேரத்தோடு குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு பிற்காலத்தில் ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றியது. ஏனென்றால் ஏறியதன் பெருமை யாருக்கு என்பதிலேயே முதல் தகராறு வந்துவிட்டது. பல்மா ஜெனீவாவுக்குப் போய், வழி கண்டுபிடிப்பவருக்குத் தருவதாக விஞ்ஞானி சொசூர் 1760லிருந்து சொல்லிவந்த பரிசை வாங்கிக்கொண்டார். அரசரும் அவர் பெயரோடு மோன் பிளான் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். தானும் ஏற முயன்று தோற்ற பூரி என்ற எழுத்தாளர், பொறாமையில், டாக்டரை மட்டம் தட்டிக் கடிதம் எழுதி அச்சடித்துப் பரப்பினார். டாக்டர் பக்கார் 1827இல் இறந்துபோனார். ஐந்து ஆண்டு கழித்து, மூன்று போர்வீரர்கள் கதை எழுதிப் பெயர் பெறப்போகும் அலெக்சாந்தர் துமா, கிழவராகிவிட்ட பல்மாவைச் சந்தித்து அவர் சொன்னதை அப்படியே எழுதினார். அதில் டாக்டர், பல்மா இழுத்துக்கொண்டு போன ஒரு மூட்டை. மறுத்துச் சொல்ல டாக்டர் உயிரோடு இல்லை. துமா எழுதினால் ஊர் நம்பாமல் இருக்குமா?

1887இல் சாமோனியில் வெண்கலச் சிலை வைத்தார்கள். பல்மா உச்சியைக் கை நீட்டிக் காட்டுகிறார், பக்கத்தில் சொசூர் அண்ணாந்து பார்க்கிறார். பக்காருக்கு இடமில்லை. கெர்ஸ்டார்ஃபின் குறிப்புகளும் மற்ற ஆவணங்களும் இருபதாம் நூற்றாண்டில் அலசப்பட்ட பிறகுதான், வழியைப் பல நாள் ஆராய்ந்ததும், உச்சியில் காற்றழுத்தமானி வைத்து அளந்ததும் டாக்டர் என்பது நிலைபெற்றது. அவருக்கும் சாமோனியில் ஒரு சிலை வந்தது 1986இல், சரியாக இருநூறு ஆண்டு கழித்து. ஏறிய இருவரின் கதைக்கே இந்தக் கதி என்றால், எல்லைக்கோட்டின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

எல்லை வந்த கதைக்கு வருகிறேன். 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை சவோய்க்குள் நுழைந்தது. அதைப் பிரான்சின் ஒரு தெபர்த்மானாக ஆக்கி, அதற்கு மோன் பிளான் என்றே பெயர் வைத்தார்கள். 1796 மே 15இல் சார்தீனிய அரசர் தோற்றுப்போய் சவோயை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் முதல்முறையாக அந்த மலைமுகட்டில் ஒரு கோடு விழுந்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் 1815இல் சவோய் பழையபடி அரசரிடமே திரும்பியது, கோடும் அழிந்தது. பிரெஞ்சுத் தரப்பு இன்றும் அந்த 1796 ஒப்பந்த வாசகத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. நெப்போலியனோடு செத்த காகிதத்தை ஏன் தூக்கி வருகிறீர்கள் என்று இத்தாலி கேட்கும். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

இன்றைய எல்லைக்கு மூலப்பத்திரம் 1860ஆம் ஆண்டு துரின் ஒப்பந்தம். மார்ச் 24இல் கையெழுத்தானது. இத்தாலியை ஒன்றாக்க ஆஸ்திரியாவோடு போரிட வேண்டியிருந்தது. அதற்குப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை தேவைப்பட்டது. மந்திரி காவூர் 1858இல் பிளோம்பியேரில் பேரரசரை ரகசியமாகச் சந்தித்துப் பேசினார். உதவிக்கு விலை, சவோயும் நீஸும். அரசர் விக்தோர் இம்மானுவேலின் வம்சத்துக்கே சவோய் வம்சம் என்றுதான் பெயர். பெயர் தந்த பூர்வீக மண்ணையே கொடுத்துத்தான் அவர் இத்தாலிக்கு ராஜா ஆனார்.

மக்கள் சம்மதம் வேண்டும் என்று ஏப்ரல் 22, 23 தேதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. சவோயில் ஆதரவு 1,30,533 வாக்கு, எதிர்ப்பு 235. வேண்டாம் என்று அச்சடித்த சீட்டே பல இடங்களில் கிடைக்கவில்லை என்பது அன்றே எழுந்த புகார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் படித்ததும் கீழூர் நினைவுக்கு வரும். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிவிட்டது, ஆனால் சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலம் ஒரு நாளில் கைமாறும்; காகிதம் மெதுவாகத்தான் வரும்.

சவோயிலும் அப்படித்தான். துரின் ஒப்பந்தத்தில் எல்லை எங்கே என்று கோடு கிழித்துச் சொல்லவில்லை. இரு தரப்பும் சேர்ந்த ஒரு குழு, நியாய உணர்வோடு, மலைகளின் அமைப்பையும் பாதுகாப்புத் தேவையையும் கருதி எல்லையை வகுக்கும் என்று மட்டும் எழுதினார்கள். ஒரு கோப்பில் "உரிய அலுவலர் பின்னர் முடிவு செய்வார்" என்று எழுதி மேசையை விட்டுத் தள்ளுவது போல. அந்தக் குழு வகுத்த எல்லை 1861 மார்ச் 7இல் உடன்படிக்கையானது. இத்தாலிய முடியரசு பிறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து, மார்ச் 17இல். உடன்படிக்கையோடு வரைபடமும் இணைக்கப்பட்டது. அந்த வரைபடத்தில் கோடு நீர்ப்பிரிமுகட்டில், உச்சியின் மேலேயே போகிறது என்பதுதான் இத்தாலியின் வழக்கு.

நீர்ப்பிரிமுகடு என்றால் புரியும்படி சொல்கிறேன். ஓட்டு வீட்டின் கூரை உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் விழுகிற மழை இந்தத் தெருவுக்கு, அந்தப் பக்கம் விழுவது அந்தத் தெருவுக்கு. மோன் பிளானின் வடக்கே உருகுகிற பனி ஆர்வ் ஆறாகி ரோனில் கலந்து மார்சேய் பக்கம் மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. தெற்கே உருகுவது தோரா பால்தேயா வழியாகப் போ நதியில் சேர்ந்து வெனிஸ் பக்கம் அத்ரியாத்திக் கடலுக்குப் போகிறது. ஆல்ப்ஸில் எல்லை வகுக்க இதைவிடத் தெளிவான விதி கிடையாது. பெரும்பாலான இடங்களில் அதைத்தான் பின்பற்றினார்கள்.

பிறகு வந்தார் மியேலே. பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன், நில அளவையாளர். மோன் பிளான் பகுதியை அளந்து அவர் வரைந்த 1:40,000 அளவு வரைபடம் 1865இல் அச்சானது. அருமையான வேலை என்று மலையேறிகள் இன்றும் சொல்வார்கள். அதில் எல்லைக்கோடு உச்சிக்கு அருகே வந்ததும் முகட்டை விட்டு விலகி, தெற்குப் பக்கம் இறங்கி, உச்சிக்குத் தென்கிழக்கே இருக்கும் மோன் பிளான் த கூர்மையேர் என்ற 4748 மீட்டர் துணைச் சிகரத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் முகட்டுக்குத் திரும்புகிறது. அந்தச் சின்ன வளைவால் உச்சி முழுதும் பிரான்சுக்குள் வந்துவிட்டது. கூர்மையேர் ஊரிலிருந்து பார்த்தால் அந்தத் துணைச் சிகரம் தெரியும், உண்மையான உச்சி தெரியாது என்பது ஒரு விளக்கம். ராணுவத்துக்கு உயரமான இடம் வேண்டும் என்பது இன்னொன்று. எது எப்படியோ, அதற்குப் பின் வந்த பிரெஞ்சு வரைபடங்கள் எல்லாம் அதே வளைவைப் பார்த்து எழுதின. இத்தாலிய வரைபடங்கள் முகட்டையே பிடித்துக்கொண்டன.

வருவாய்த் துறைக் காகிதங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. பத்திரத்தின் தபசிலில் நான்கெல்லை ஒன்று சொல்லும். புலப்படம் வேறொன்று சொல்லும். நிலத்தில் நட்ட கல் மூன்றாவதாக ஓர் இடத்தில் இருக்கும். அந்தக் கல்லையும் யாராவது ஒரு ராத்திரியில் நகர்த்தியிருப்பார்கள். அப்படி வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, மூலத்தோடு இணைத்த படம் எங்கே என்பதுதான். பின்னால் ஒருவர் எவ்வளவு அழகாக வரைந்தாலும், இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட படத்தை அது மாற்றாது. இந்தக் கணக்கில் என் ஓட்டு இத்தாலிக்குத்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் இப்படிச் சொல்கிறானே என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பிரான்ஸ் கணக்கில் உச்சி, சாமோனி, சேன்-ஜெர்வே என்ற இரண்டு கொம்யூன்களின் எல்லைக்குள் வருகிறது. நம் ஊர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மூலமான அதே சொல்தான். இத்தாலியக் கணக்கில் தெற்குப் பாதி கூர்மையேர் கொம்யூனுடையது. சுவிட்சர்லாந்தின் அரசு வரைபடக்காரர்கள் புத்திசாலிகள். உச்சிக்கும் அதற்கு மேற்கே உள்ள தோம் த கூத்தே சிகரத்துக்கும் அருகே இரண்டு கோட்டையும் போட்டு, தகராறில் உள்ள பகுதி என்று காட்டி ஒதுங்கிவிட்டார்கள்.

பனியும் பாறையும் மட்டுமே உள்ள இடம், ஒரு பிடி புல்கூட முளைக்காது, இதற்கு என்ன சண்டை என்று நினைக்கலாம். ஆனால் எல்லை என்றால் அதிகாரம். யார் தடை போடலாம், யார் மீட்புக்குப் போகலாம், யார் அனுமதி தரலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2015 செப்டம்பரில், இத்தாலியப் பக்கத்துத் தொரினோ மலைவிடுதிக்கு அருகே பனியாற்றுக்குள் இறங்கும் வாயிலைச் சாமோனி மேயர் தரப்பு அடைத்தது. ஆபத்தான இடம், பாதுகாப்புக்காக என்றார்கள். எங்கள் மண்ணில் வந்து பூட்டுப் போட நீ யார் என்று இத்தாலியர்கள் கொதித்தார்கள்.

அடுத்த சண்டைக்குக் காரணம் வேறு. மோன் பிளானில் ஏறுவது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. 2007இல் சுவிஸ்காரர்கள் சிலர் உச்சிக்கு வெந்நீர்த் தொட்டியைத் தூக்கிப்போய்க் குளித்தார்கள். 2019இல் ஒருவர் சின்ன விமானத்தை உச்சிக்குச் சற்றுக் கீழே பனியில் இறக்கினார். அதே ஆண்டு ஓர் ஆங்கிலேய முன்னாள் படைவீரர், துடுப்புப் போடும் உடற்பயிற்சி இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஏறி, முடியாமல் 4362 மீட்டர் உயரத்தில் உள்ள வல்லோ தங்குமிடத்தில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். சேன்-ஜெர்வே மேயர் கோபத்தோடு குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார். இந்தக் கூத்துகளை அடக்க 2020 அக்டோபரில் பிரெஞ்சு நிர்வாகம் மலையைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி என்று ஆணை போட்டது. நல்ல ஆணைதான். ஆனால் அதன் எல்லைக்குள் தகராறில் உள்ள பகுதியும் அடங்கியது. உடனே இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் எதிர்ப்புத் தெரிவித்தது. மலையைக் காக்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. நீ போட்ட ஆணையை ஏற்றால், நாளைக்கு நிலமும் உன்னுடையது என்று ஆகிவிடும் என்பதுதான் அவர்கள் கவலை. எதிர்ப்புத் தெரிவிக்காமல் விட்ட ஆணை பின்னால் சாட்சியாக வந்து நிற்கும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. இவர்கள் சண்டை போடும் உச்சி நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. உச்சி என்று நாம் சொல்வது காற்று கொண்டுவந்து குவித்த பனித்தொப்பி. அதற்கு அடியில் உள்ள பாறை உச்சியின் உயரம் 4792 மீட்டர்தான்; அதுவும் பனி உச்சிக்கு நேர் கீழே இல்லாமல் நாற்பது மீட்டர் போல மேற்கே தள்ளி இருக்கிறது. அப்படியானால் நீர்ப்பிரிமுகடு எது? பாறையின் முகடா, பனியின் முகடா? 2001இலிருந்து ஓத்-சவுவா மாவட்ட நில அளவையாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் ஏறி அளக்கிறார்கள். 2007இல் 4810.90 மீட்டர். 2017இல் 4808.72. 2021இல் 4807.81. 2023இல் 4805.59. கோடையில் உருகுவதும், காற்று எவ்வளவு பனியைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதும் சேர்ந்து எண்ணை ஏற்றி இறக்குகின்றன. ஒரு வருடத்துக் கணக்கைப் பிடித்துக்கொண்டு மலை சுருங்கிவிட்டது என்று அலற வேண்டாம் என்று அளந்தவர்களே சொல்கிறார்கள். கீழே உள்ள பனியாறுகள் சுருங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம்.

அந்தப் பனித்தொப்பியை நம்பி வீடு கட்டியவரும் ஒருவர் உண்டு. பியேர் ஜான்சன் என்ற வானியலாளர். நம் பக்கத்துக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கக் குண்டூருக்கு வந்து, சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் ஒளிமாலையைக் கொண்டு ஆராய முடியும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கால் ஊனமானவர். அறுபத்தைந்து வயது தாண்டியபின் மோன் பிளானுக்கு ஆட்கள் அவரைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள். உச்சியில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டவேண்டும் என்பது அவர் ஆசை. கோபுரம் கட்டிய எய்ஃபெல், அடித்தளத்துக்குப் பாறை கிடைத்தால் கட்டலாம் என்றார். பனிக்குள் சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள், பாறை அகப்படவில்லை. எய்ஃபெல் விலகிக்கொண்டார். ஜான்சன் விடவில்லை. பனியின் மேலேயே மரத்தால் கூடத்தைக் கட்டி, சாய்ந்தால் நிமிர்த்த ஜாக்கிகளையும் வைத்து, 1893இல் முடித்துவிட்டார். பனி மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. கூடம் சாய்ந்தது, புதைந்தது. 1909இல் கைவிட்டார்கள். அதன் சின்னக் கோபுரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து சாமோனியில் வைத்திருக்கிறார்கள். ஜான்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

மேலே இப்படி என்றால், மலைக்கு அடியில் கோடு மீட்டர் கணக்கில் துல்லியமாக இருக்கிறது. 1965 ஜூலை 16இல் தெ கோலும் இத்தாலியக் குடியரசுத் தலைவர் சரகாத்தும் திறந்துவைத்த சுரங்கச் சாலையின் மொத்த நீளம் 11,600 மீட்டர். பிரான்சுக்கு 7,640, இத்தாலிக்கு 3,960. அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த நாட்டு நிறுவனம், அதற்கொரு கட்டுப்பாட்டு அறை. 1999 மார்ச் 24 அன்று மாவும் மார்கரினும் ஏற்றி வந்த ஒரு லாரி நடுச் சுரங்கத்தில் தீப்பற்றியது. புகை வெளியேறும் முன் 39 பேர் இறந்தார்கள். ஒரே குழாய்க்குள் இரண்டு நிர்வாகம், இரண்டு ஆணை, பொதுவான மீட்புத் திட்டம் சரியாக இல்லை என்பது விசாரணையில் வெளிவந்த குறைகளில் முக்கியமானது. மூன்று ஆண்டு மூடிவைத்து, 2002இல் மறுபடியும் திறந்தபோது கட்டுப்பாட்டை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். துரின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் மார்ச் 24ஆம் தேதிதான். தற்செயல். இருந்தாலும் படிக்கும்போது மனசு ஒரு கணம் நின்றது.

கடைசியாக நம் நாட்டு விஷயம். இந்த மலையில் ஏர் இந்தியா விமானம் இரண்டு முறை மோதியிருக்கிறது, ஏறக்குறைய ஒரே இடத்தில். 1950 நவம்பர் 3இல் மலபார் பிரின்சஸ், 48 பேர். அதில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் கப்பல் வேலைக்குச் சேரப் போன மாலுமிகள். மீட்கப் போன சாமோனி வழிகாட்டி ரெனே பாயோவும் பனிப்பிளவில் விழுந்து உயிர் விட்டார். 1966 ஜனவரி 24இல் கஞ்சன்ஜங்கா என்ற போயிங், 117 பேர். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் போனார், வியன்னாவில் ஒரு கூட்டத்துக்கு. ஜெனீவாவை நெருங்கும்போது, தரையிலிருந்து ரேடார் அலுவலர் சொன்ன இடக்குறிப்பை விமானி தவறாகப் புரிந்துகொண்டு, மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இறக்கத் தொடங்கினார் என்பது பிரெஞ்சு விசாரணையின் முடிவு. சதி என்று கதை கட்டுவோர் இன்றும் உண்டு. சான்று எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை.

சிதறியதை எல்லாம் பனி விழுங்கிக்கொண்டது. பனியாறு ஓடாதது போலத் தெரியும், ஆனால் ஓடும். உச்சிப் பக்கம் விழுந்த பொருளை நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்துப் போசோன் பனியாறு கீழே கொண்டுவந்து போடுகிறது. 2012 ஆகஸ்டில் ஒரு சணல் பை கிடைத்தது. மேலே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக அஞ்சல் என்று எழுதியிருந்தது. ரகசியம் ஏதும் இல்லை. 1966 ஜனவரி நடுவில் வந்த ஹிந்து, ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைகள், ஏர் இந்தியா நாட்காட்டிகள், ஒரு கடிதம். சென்னையில் அச்சான ஒரு ஹிந்து பத்திரிகை, நாற்பத்தாறு ஆண்டு பனிக்குள் நடந்து வந்து, படிக்கும்படி இருந்திருக்கிறது. 2020 கோடையில் வேறு சில இந்தியப் பத்திரிகைகள் கிடைத்தன. இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி முதல் பக்கத்தில். அவர் பதவி ஏற்ற அதே நாளில்தான் விமானம் விழுந்தது.

2013இல் ஓர் இளம் மலையேறி ஓர் உலோகப் பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே மரகதம், நீலம், மாணிக்கம் என்று ஏறத்தாழ நூறு கற்கள், சின்னச் சின்னப் பொட்டலங்களில். சிலவற்றில் இந்தியாவில் தயாரானது என்று எழுதியிருந்தது. அவர் அதை அப்படியே ஜாந்தார்ம் காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உரியவர்களைத் தேடினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2021 டிசம்பரில், கற்களை இரண்டாகப் பங்கிட்டார்கள். எங்கள் ஊர் நொத்தேர்கள் வாயில் அடிக்கடி வரும் அதே கோத் சிவில் சட்டத்தின்படி, புதையல் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்கு உரியவருக்குப் பாதி. மலையேறிக்கு ஒரு பங்கு, சாமோனி கொம்யூனுக்கு ஒரு பங்கு, ஒவ்வொன்றும் ஒன்றரை லட்சம் யூரோ அளவில். சாமோனி தன் பங்கை அருங்காட்சியகத்தில் வைத்தது. போசோன் பனியாறு வடக்குச் சரிவில் முழுக்கச் சாமோனிப் பக்கம் இறங்குவதால், அந்தப் பாதியை யாரும் கேட்டு வரவில்லை.